வழியில் இறங்கிக்கொண்டவள்

போன மாதம் கவிதா தொலைபேசியில் அழைத்தாள். என்னிடம் படித்து, நான் வேலை பார்த்த அதே கணிதத் துறையில் பிறகு ஆசிரியராகச் சேர்ந்தவள்.

"மேடம், நம்ம காலேஜ்ல இப்ப புதுசா ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க. முதல் பீரியடுக்கு வரலைன்னா உடனே அப்பா அம்மா போனுக்கு மெசேஜ் போயிரும். பிள்ளைக ஒரே சண்டை. நாங்க என்ன ஸ்கூல் பிள்ளைகளான்னு கேக்குறாங்க. ஸ்டாஃப்லயும் ரெண்டு கட்சியா நிக்கிறோம். நீங்க என்ன மேடம் சொல்றீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக அழகுமீனாவின் நினைப்புத்தான் வந்தது. அவளைப் பற்றி எழுதிப் பார்க்கிறேன். கவிதா படித்துவிட்டு அவளே ஒரு முடிவுக்கு வரட்டும்.

கல்லூரிக்கு வருமுன் நான் ஒரு மிஷன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சில வருடம் கணக்கு ஆசிரியை. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பிள்ளை காலையில் வரவில்லையென்றால், மதியம் மணி அடிப்பதற்குள் ஆயா அவள் வீட்டு வாசலில் நிற்பார். காய்ச்சலா, அம்மா ஊருக்குப் போய்விட்டாரா, தம்பியைப் பார்த்துக்கொள்ள இருக்கச் சொன்னார்களா என்று கேட்டு வந்து தலைமையாசிரியை சிஸ்டரிடம் ஒப்பிப்பார். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறாள், எவள் அப்பா குடிக்கிறார், எவளுக்குப் பின்னம் வராது, எல்லாம் எங்களுக்குத் தெரியும். பரீட்சைக்கு முன்னால் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளைச் சாயங்காலம் உட்கார வைத்து, அடித்துத் திட்டி, சுண்டல் வாங்கிக் கொடுத்துப் படிக்க வைப்போம். "ஏண்டி, எருமை, இது கூடவா தெரியாது?" என்று நான் கத்திய கத்தலுக்கு அளவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் என்னைக் கடைவீதியில் கண்டால் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்த வாயோடுதான் கல்லூரிக்கு வந்தேன். மதுரை நகரத்துக்கு வெளியே இருந்த, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகளை நம்பி நடந்த கல்லூரி அது. சேர்ந்த வாரமே முதலாண்டு வகுப்பில் ஒருவனைப் பார்த்து, "டேய், எந்திரி, என்ன சிரிப்பு?" என்றேன். துறைத்தலைவர் அருளப்பன் சார் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் தன் அறைக்கு வரச் சொன்னார்.

அவர் எதையும் சுற்றி வளைத்துச் சொல்கிற ஆள். மின்விசிறியைக் கூட்டிவிட்டு, நாற்காலியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அருளப்பன் சார் சொன்னார்:

"மேடம், நம்ம பிள்ளைகள்ல முக்கால்வாசிப் பேரை அவங்க வாழ்க்கையில இதுவரைக்கும் யாரும் 'வாங்க'ன்னு கூப்பிட்டது கிடையாது. வீட்ல கிடையாது, பள்ளிக்கூடத்துல கிடையாது, டவுன்ல கடைக்குப் போனா அங்கயும் கிடையாது. இந்தக் கேட்டுக்குள்ள வந்தா மட்டும் அது கிடைக்கணும். அவ்வளவுதான்."

 டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். மாணவர் எவர் அவர் அறைக்குப் போனாலும் எழுந்து நிற்பார். "வாங்க, உக்காருங்க" என்பார். அவர்கள் உட்கார்ந்த பிறகே தானும் உட்காருவார். பேனாவை மூடி வைத்துவிடுவார். பேசுகிறவர் பேசி முடிக்கும் வரை வாசல் பக்கமோ கடிகாரத்தின் பக்கமோ பார்க்க மாட்டார். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன்னையே நம்பாமல் வாய் திறப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்றாம் வருடம் வரும்போது அதே பையன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அவரோடு வாதம் செய்வான். பார்க்க அழகாக இருக்கும்.

பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முதல் மாதங்கள் எப்படி இருக்கும் என்பது அந்த நாற்காலியிலேயே தெரிந்துவிடும். தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று எழுந்து நிற்பார்கள். கேட்க வேண்டியதில்லை, போய்விட்டு வாருங்கள் என்றால் சிரிப்பார்கள், ஆனால் போக மாட்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை பரீட்சைக்கு என்று கேட்பார்கள். ஒரு ஆசிரியர் வந்து பாடம் நடத்திவிட்டுப் போனபின், அடுத்த மணிக்கு யாரும் வராமல் வகுப்பு காலியாகக் கிடந்தால், அந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இங்கிலீஷ். பன்னிரண்டாம் வகுப்பு வரை 'அணிக்கோவை' என்று படித்ததை இங்கே 'டிடர்மினண்ட்' என்று சொன்னதும், தெரிந்த ஆளே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததுபோல முழிப்பார்கள். பெரும்பாலானவர்கள் தீபாவளிக்குள் தேறிவிடுவார்கள். தேறாதவர்களை யாரும் தேடிப் போவதில்லை. அது கல்லூரி.

தேடிப் போகாததற்கு ஒரு காரணமும் இருந்தது. நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது அது. ஒரு மாணவி சில நாள் வகுப்புக்கு வரவில்லை என்று அப்போதிருந்த ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அவள் வீட்டுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் செய்த குற்றம், கூடப் படிக்கும் பிள்ளைகளோடு கொடைக்கானல் போனதுதான். மறு வாரம் அவளுடைய சித்தப்பா வந்து டி.சி.யை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். அருளப்பன் சார்தான் அந்த டி.சி.யில் கையெழுத்துப் போட்டவர். அதன்பிறகு துறையில் ஒரு வழக்கம் வைத்தார். மாணவர் வரவில்லையென்றால் முதலில் அந்த மாணவரிடம்தான் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போகும் தகவல் கடைசித் தகவலாக இருக்க வேண்டும். எனக்கு அது சரி என்றே பட்டது. இன்றைக்கும் பாதி நாள் அப்படித்தான் படுகிறது.

அழகுமீனா கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர்ப் பெண். அப்பா விவசாயம். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் அவள் பள்ளியிலேயே முதல். முதலாண்டுக்கு அந்த வருடம் நான்தான் வகுப்பு ஆசிரியை. அட்டைபோட்ட நோட்டோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் எழுதுவாள், தும்மினால்கூட எழுதிவிடுவாளோ என்று தோன்றும். முதல் உள்தேர்வில் அவள் விடைத்தாளைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். கணக்கு எல்லாம் சரி. ஆனால் கேள்வி புரியாமல், கேட்காததைச் செய்து வைத்திருந்தாள். 'நிறுவுக' என்பதற்கான இங்கிலீஷ் சொல்லைப் பார்த்துவிட்டு, விடை கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். முப்பதுக்குப் பதினொன்றோ என்னவோ வந்தது. தாளை வாங்கிக்கொண்டு நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அவள் துறைத்தலைவர் அறைக்குப் போனாள். நான் அப்போது அங்கே ஏதோ கேள்வித்தாள் வேலையாக இருந்தேன். கதவருகே நிழல் தெரிந்ததும் அருளப்பன் சார் வழக்கம்போல் எழுந்து நின்றார்.

"வாங்க. உக்காருங்க. சொல்லுங்க, என்ன விஷயம்?"

அவள் நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நரை விழுந்த ஒரு பெரிய மனிதர் தனக்காக எழுந்து நிற்பதைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சார்."

"பரவால்ல, உக்காந்து சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல சார், தெரியாம வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "புதுசு. பழகிருவாங்க" என்றார். நானும் சிரித்தேன். அப்படிப் பயந்து ஓடியவர்கள் எத்தனையோ பேர் பழகிவிட்டதை நாங்கள் இருவருமே பார்த்தவர்கள்.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வருவது குறைந்தது. பிறகு நின்றது. அதே பக்கத்திலிருந்து வரும் சுமதி என்ற மாணவியிடம் சார் சொல்லி அனுப்பினார். "அவங்களை நான் பாக்கணும்னு சொல்லுங்க. திட்டுறதுக்கு இல்லைன்னும் சொல்லுங்க." சுமதி சொல்லியிருக்கிறாள். "வாரேன்னு சொல்லுச்சு சார்" என்றாள். வரவில்லை. இன்னொரு முறை சொல்லி அனுப்பினோம். அதே பதில்தான் வந்தது.

வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமா சார் என்று நான் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்தப் பொண்ணுக்கு என்ன பிரச்சினைன்னு நமக்குத் தெரியாது மேடம். தெரியாம அப்பாகிட்டப் பேசி, அதுவே கடைசியா ஆயிருச்சுன்னா?" என்றார். அந்தச் சித்தப்பாவுக்குப் போட்ட கையெழுத்தைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை.

பருவத் தேர்வு நெருங்கியது. வருகைக் குறைவு என்று ஒன்று உண்டு. கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டித் தேர்வு எழுதலாம். இன்னும் குறைந்தால் மருத்துவச் சான்று கொடுத்து எழுதலாம். அதற்கும் கீழே போய்விட்டால் எழுதவே முடியாது. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அந்தக் கடைசி நிலையில் இருப்பவர்களின் பெற்றோரை மட்டும் அலுவலகம் வரச் சொல்லும். அழகுமீனாவின் அப்பாவுக்கு அப்போதுதான் தகவல் போனது.

மறுநாள் அவர் வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. விசேஷ வீட்டுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார். கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். மகள் எதிலோ முதலாக வந்திருக்கிறாள், அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, மகளிடம்கூடச் சொல்லாமல் வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அவரை அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

அருளப்பன் சார் எழுந்து நின்று, உட்காரச் சொல்லி, விஷயத்தைச் சொன்னார். அவர் முதலில் சிரித்தார்.

"இல்லீங்க சார். அது வேற பிள்ளையா இருக்கும். எம்மக காலையில முத பஸ்ஸுக்கு வந்துருதே. இன்னிக்குக்கூட எனக்கு முன்னாடி கிளம்பிருச்சு. நாந்தேன் சைக்கிள்ல கொண்டாந்து ரோட்டுல விட்டேன்."

"இன்னிக்கும் வகுப்புக்கு வரலைங்க" என்றேன் நான்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, "வகுப்பு எங்கிட்டு இருக்கு?" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார். உள்ளே பாடம் நின்றுபோய் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சுமதி தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே அழைத்துக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்.

"பெரியாஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கிருவா மேடம். தெனமும் அங்கனதான் எறங்குவா. யார்ட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருடைய முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். மகளுக்கு ஏதோ நோய், வீட்டுக்குத் தெரியாமல் வைத்தியம் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டார். சாருமாக மூவரும் ஆட்டோவில் போகும் வழியெல்லாம், "என்னன்னு சொல்லியிருக்கலாமே, வித்தாவது பாத்திருப்பமே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். அருளப்பன் சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் அவளைக் கண்டுபிடித்தோம். ஒரு தூணோரம், சிமெண்ட் பெஞ்சில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் எங்கள் கால்குலஸ் புத்தகம் விரித்தபடி இருந்தது. பக்கத்தில் பள்ளிக்கூடத்துத் தமிழ்க் கணக்குப் புத்தகம். இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கூடத்தில் ஒரு பெண் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். உள்ளே யாருக்கோ முடியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மதுரை மாதிரி ஊரில் அப்படி ஓர் இடம் அவளுக்கு அது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாளாம். ஆட்கள் வந்து வந்து பேச்சுக் கொடுத்தார்களாம்.

அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவர் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. அவள் நெற்றியிலும் கழுத்திலும் கையை வைத்துப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணுமில்லையேத்தா?"

"ஒண்ணுமில்லப்பா."

"அப்புறம் ஏன்த்தா இங்கன வந்து உக்காந்திருக்க?"

அவள் அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாத்தையும் புரிஞ்சு படிச்சுட்டு வந்துரலாம்னு இருந்தேன் மேடம். ஒரு வாரத்துல வந்துரலாம்னுதான் நெனச்சேன். நான் ஒரு பாடம் முடிக்கங்குள்ள நீங்க அடுத்த பாடத்துக்குப் போயிர்றீங்க."

அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான் முதல் மாதம் நடத்தியதை முழுக்கச் சரியாகப் போட்டிருந்தாள். ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழ்ச் சொல். அவள் தேறியிருப்பாள். இன்னும் கொஞ்ச நாளில் தானாகவே தேறியிருப்பாள்.

அவளுடைய அப்பா அப்போதுதான் அருளப்பன் சார் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"ஏன் சார், பள்ளிக்கூடத்துல ஒரு நாள் போகலைன்னா டீச்சர் ஆள் விட்டுருவாக. என்னய்யா உன் மக எங்கன்னு நாலு பேரு மத்தியில கேப்பாக. இங்க இம்புட்டு நாளு பிள்ள வரல. ஒரு போனு போடலையே சார்? பெரிய காலேஜின்னுதான சார் விட்டோம்."

சார் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். மாணவர்களின் மரியாதை பற்றி, பதினெட்டு வயது பற்றி, அந்தச் சித்தப்பாவைப் பற்றி அவரால் மணிக்கணக்கில் பேச முடியும். ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்க கேக்குறது சரிதாங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஜூனில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம், அவளுக்கு இடம் வைத்திருப்போம், நானே தனியாகத் தமிழில் சொல்லித் தருகிறேன் என்றெல்லாம் நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "வீட்ல பேசிக்கிட்டுச் சொல்றோம் டீச்சர்" என்றார். போகும்போது கொய்யாப்பழப் பையை என் கையில் கொடுத்தார். வாங்க மாட்டேன் என்றேன். "கொண்டாந்தத திருப்பிக் கொண்டு போகக் கூடாது" என்று வைத்துவிட்டு, மகளின் புத்தகப் பையைத் தான் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஜூன் வந்தது. அவள் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அருளப்பன் சார் என்னிடம் வந்து, "கொட்டாம்பட்டிக்குப் போயிட்டு வருவோமா மேடம்?" என்றார். அவருடைய அத்தனை வருடப் பணியில் ஒரு மாணவர் வீட்டுக்கு அவர் போனது அதுதான் முதல் தடவை என்று பஸ்ஸில் சொன்னார்.

அவள் அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மா மட்டும் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் கலர் சோடா வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தார். அழகுமீனா ஊரில் இல்லை.

"இங்கனயே இருந்தா ஆளாளுக்கு ஏன் காலேஜிக்குப் போகலன்னு கேக்குறாகம்மா. ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தத வேற மாதிரியும் பேச ஆரம்பிச்சுட்டாக. அதேன் திருப்பூர்ல அவுக அத்த வீட்டுக்கு அனுப்பிட்டோம். பனியன் கம்பெனியில செக்கிங் வேல. நல்லாருக்கேன்னு சொல்லுது."

சார் அவளிடம் பேச முடியுமா என்று கேட்டார். அம்மா போன் போட்டுக் கொடுத்தார். பின்னால் மிஷின் சத்தம் எனக்கே கேட்டது. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லாருக்கீங்களா? நான் அருளப்பன் பேசுறேன், காலேஜ்ல இருந்து."

"நல்லாருக்கேன் சார்."

"திரும்பி வாங்க. வயசு ஒண்ணும் ஆயிடல. உங்க இடம் அப்படியேதான் இருக்கு."

மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்.

"இல்ல சார். இங்க பழகிருச்சு சார்."

"அன்னிக்கு என் ரூமுக்கு வந்தீங்களே, என்ன கேக்க வந்தீங்க?"

"கேள்வியத் தமிழ்ல ஒருக்காச் சொல்லுவீகளான்னு கேக்க வந்தேன் சார். நீங்க எந்திரிச்சு நின்னீகளா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எங்க டீச்சர் மாதிரி, என்னடி முழிக்கிறன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா அழுதாவது சொல்லியிருப்பேன் சார்."

அதைக் குறையாகச் சொல்லவில்லை அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சூப்பர்வைசர் வருகிறார் என்று வைத்துவிட்டாள். சார் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடிக்காத கலர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் கிளம்பும்போது அவள் அம்மா வாசல் வரை வந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். பள்ளிச் சீருடையில் இருந்தாள். அக்காவின் அதே கண்.

"இது சின்னவ. பன்னெண்டு படிக்குது. இதுக்கும் கணக்குன்னா உசுரு. இவுக அப்பாரு அனுப்ப மாட்டேங்கிறாரு. நாந்தேன் அனுப்பணும்னு நிக்கிறேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை, சாரைத்தான் பார்த்தார். "உங்க காலேஜிக்கே அனுப்புறேன் சார். பாத்துக்கிருவீகளா?"

"அனுப்புங்க" என்றார் அருளப்பன் சார். 'பாத்துக்கிருவீகளா' என்றதற்கு அவர் பதில் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். "பாத்துக்கிருவோம்மா" என்று நான் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா, சாரின் மௌனம்தான் விழுந்ததா என்று தெரியவில்லை.

அந்த வருடம் சார் முதலாண்டுக்காரர்களுக்கு ஒரு மாதம் தமிழிலேயே பாடம் நடத்தினார். கேள்வித்தாளில் இங்கிலீஷுக்குக் கீழே தமிழும் போட வைத்தார். நாற்காலியை விட்டு எழுந்து நிற்பதை மட்டும் அவரால் விட முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறுவார். அதற்கடுத்த வருடம் ஓய்வு பெற்றார்.

அழகுமீனாவின் தங்கை பன்னிரண்டு முடித்துக் கல்லூரியில் சேர வேண்டிய ஜூனில், முதலாண்டு வகுப்பின் முதல் நாள் நான் கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து யாராவது வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் இரண்டு பையன்கள் எழுந்தார்கள். வேறு யாரும் எழவில்லை.